ஈரத் தரையில் ஆளைப் படுக்க வைக்காதீர்கள்

வடகிழக்குப் பருவமழை வழக்கமாக அக்டோபர் 20-ஐ ஒட்டித் தொடங்கும். சென்னையிலும் அதன் புறநகரிலும் வீட்டுக்கு அடியில் கார் நிறுத்த இடம் வைத்திருப்பவர்கள் அதற்குள் செய்து முடிக்க வேண்டிய வேலை ஒன்று உண்டு. கார் பார்க்கிங் தரையில் ஊறும் ஈரத்தைக் கவனிக்கிற வேலை. இதை மேஸ்திரியிடம் ஒப்படைத்துவிட்டு மாடியேறிவிட முடியாது. ஏனென்றால் அந்த ஈரத்தோடு மனிதர்கள் வாழ்கிறார்கள், அவர்களை அங்கே வைத்திருப்பவர்கள் நாம்.

வேளச்சேரி, மடிப்பாக்கம், முடிச்சூர், பள்ளிக்கரணை என்று எந்தப் பகுதியின் உள்தெருவுக்குப் போனாலும் இதே அமைப்புதான். தூண்களின் மேல் நிற்கும் நான்கு மாடிக் கட்டடம். கீழே கார்கள், பைக்குகள், இ.பி. மீட்டர் வரிசை, மோட்டார் சுவிட்ச், சம்ப் மூடி. மாடிப்படிக்கு அடியில் ஓர் அறை. சிமெண்டுத் தரையில் காயாத கருந்திட்டு, சுவரில் முழங்கால் உயரத்துக்கு ஓதம், மூலைகளில் பொரிந்து நிற்கும் வெள்ளை உப்பு. மாடியில் குடியிருப்பவர்கள் லிஃப்ட் வரை நடக்கிற நேரம் மட்டும், அதுவும் செருப்புக் காலோடு, அந்தத் தரையை மிதிக்கிறார்கள். படிக்கு அடியில் இருக்கிற வாட்ச்மேன் இரவு முழுக்க அதன் மேல் படுக்கிறார்.

"என்ன தாத்தா, தரை இப்படி நசநசன்னு இருக்கு?"

"மழைக்காலம்லம்மா. அப்படித்தான் இருக்கும்."

இந்தப் பதிலைக் கேட்டுத் திருப்தியோடு மேலே போய்விடாதீர்கள். தென்மாவட்டத்தில் நிலமும் போய், பிள்ளைகளும் கைவிட்டு, அறுபது வயதுக்கு மேல் பிழைக்க வந்தவர் வேறு என்ன சொல்வார்? "இந்த அறையில் என்னால் படுக்க முடியவில்லை" என்று சொன்னால் அடுத்த மாதம் அந்த அறையே இருக்காது என்பது அவருக்குத் தெரியும். நேபாளத்திலிருந்தோ ஒடிசாவிலிருந்தோ பிகாரிலிருந்தோ மனைவி மக்களோடு வந்து அதே அறையில் குடும்பம் நடத்துபவருக்கு அதைத் தமிழில் சொல்லவும் வராது. அவர்கள் குறை சொல்லவில்லை என்பதால் குறை இல்லை என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. கேட்க வேண்டியவர்கள் நாம், பார்க்க வேண்டியவர்களும் நாமே.

அந்த அறையில் தரையோடு படுப்பது எப்படிப்பட்டது என்று யோசியுங்கள். முதலில் ஒரு பழைய ஃபிளெக்ஸ் பேனர், அதன் மேல் பாய், அதன் மேல் போர்வை. ஃபிளெக்ஸுக்கு அடியில் தேங்கும் ஈரம் வெளியேற வழியில்லாமல் ஓரங்களில் கசிந்து பாயில் ஏறும். விடியும்போது பாய் முடைநாற்றம் அடிக்கும். வெயில் இல்லாத கார்த்திகை நாட்களில் அதை எங்கே காயப்போடுவது? சுவரில் கரும்பூஞ்சை படரும். ஓதமும் பூஞ்சையும் பிடித்த வீடுகளில் இருப்பவர்களுக்கு ஆஸ்துமாவும் மூச்சுக்குழல் தொல்லைகளும் கூடுதலாக வருகின்றன என்பதை உலக சுகாதார நிறுவனம் 2009-இல் வெளியிட்ட வழிகாட்டியிலேயே தெளிவாகச் சொல்லிவிட்டது. அந்த அறையில் ஒரு கைக்குழந்தை இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு மேற்கொண்டு ஆராய்ச்சி தேவையில்லை.

அடுத்தது கால். நாள் முழுதும் ஈரத்தில் நிற்பவருக்குக் கால் விரலிடுக்கில் சேற்றுப்புண் வரும். கார் கழுவுகிறவர், பெருக்கித் துடைக்க வருகிற அம்மா, வாட்ச்மேன் என்று கீழ்த்தளத்தில் வேலை செய்யும் எல்லோருக்கும் இது உண்டு. நாம் அதைச் சின்ன உபாதையாக நினைக்கிறோம். அதே தரையில் இரவில் எலி ஓடுகிறது. எலியின் சிறுநீரில் இருக்கும் எலிக்காய்ச்சல் கிருமி ஈர மண்ணிலும் தேங்கிய நீரிலும் பல நாட்கள் உயிரோடு இருக்கும், தோலில் ஒரு வெடிப்போ புண்ணோ கிடைத்தால் உடம்புக்குள் போய்விடும். முற்றினால் ஈரலையும் சிறுநீரகத்தையும் தாக்கி ஆளைக் கொன்றுவிடும். மழைக்குப் பிறகு வரும் காய்ச்சலை மெடிக்கல் ஷாப் மாத்திரையோடு சமாளிக்கும் அந்த மனிதருக்கு, இது வேறு காய்ச்சலாக இருக்கலாம், ஆஸ்பத்திரிக்குப் போங்கள் என்று சொல்ல ஆள் வேண்டும். சொல்வதோடு நிறுத்தாமல் வண்டியில் ஏற்றிக்கொண்டு போகிறவர் வேண்டும்.

எல்லாவற்றையும் விட அவசரமானது மின்சாரம். மோட்டார் சுவிட்சும் மீட்டர் பெட்டியும் ஓதம் ஏறிய சுவரில் இருக்கின்றன. காலை ஐந்து மணிக்கு இருட்டில், ஈரத் தரையில், வெறுங்காலோடு போய் அந்த சுவிட்சைப் போடுபவர் உங்கள் குழாயில் தண்ணீர் வருவதற்காகத்தான் போடுகிறார். தோல் நனைந்திருந்தால் மின்சாரத்தைத் தடுக்கும் சக்தி அதற்கு வெகுவாகக் குறைந்துவிடும். உலர்ந்த கையில் சுள்ளென்று சுண்டிவிட்டுப் போகிற கசிவு, நனைந்த உடம்பில் உயிரை எடுக்கும். இரும்பு கேட், லிஃப்ட் கதவு, மோட்டார் உடல் எதில் வேண்டுமானாலும் அந்தக் கசிவு ஏறி நிற்கலாம். இதைத் தடுக்க ஆர்.சி.சி.பி. என்ற சிறு கருவி இருக்கிறது. 30 மில்லிஆம்பியர் அளவுக்குக் கசிவு வந்ததும் கண்ணிமைக்கும் நேரத்தில் இணைப்பைத் துண்டித்துவிடும். விலை சில ஆயிரம் ரூபாய். மாடியில் தங்கள் வீடுகளில் இதை வைத்திருப்பவர்கள் பலர், பொது மோட்டாருக்கும் கீழ்த்தள விளக்குகளுக்கும் வைக்காமல் விட்டிருக்கிறார்கள். உங்கள் கட்டடத்தில் எப்படி என்று இன்றைக்கே போய்ப் பாருங்கள். இருந்தால் அதிலுள்ள டெஸ்ட் பட்டனை அழுத்திப் பாருங்கள், இறங்காவிட்டால் அது செத்த கருவி, மாற்றுங்கள். இல்லையென்றால் அசோசியேஷன் கூட்டம் கூடும்வரை காத்திருக்காமல் எலக்ட்ரீஷியனை அழையுங்கள். எர்த் கம்பி உண்மையிலேயே மண்ணுக்குப் போகிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். போன மழையில் தண்ணீர் எந்த உயரம் வரை நின்றதோ அதற்கு மேலே சுவிட்சுகளை ஏற்றுங்கள். எலக்ட்ரிக் ஸ்கூட்டர் வைத்திருப்பவர்கள் எக்ஸ்டென்ஷன் வயரைத் தரையில் இழுத்துவந்து சார்ஜ் போடுவதை நிறுத்த வேண்டும். அந்த வயரை இரவில் தாண்டிப் போகிறவர் யாரென்று உங்களுக்குத் தெரியும்.

இனி ஈரம் எங்கிருந்து வருகிறது என்று பார்ப்போம். காரணம் தெரியாமல் பூச்சு வாங்கிப் பூசுவதால்தான் ஆண்டுதோறும் பணமும் போகிறது, ஈரமும் போகவில்லை.

பார்ப்பதற்குக் கல்லாகத் தெரிகிற கான்கிரீட்டில் கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் நிறைந்திருக்கின்றன. விளக்குத் திரி எண்ணெயை இழுப்பதுபோல் அது அடிமண்ணின் ஈரத்தை மேலே இழுக்கும். வரும்போது மண்ணிலும் சிமெண்டிலும் உள்ள உப்பைக் கரைத்துக்கொண்டு வரும். மேற்பரப்பில் நீர் காற்றோடு போக, உப்பு தங்கிவிடும். நீங்கள் பெருக்கித் தள்ளத் தள்ள மறுபடி பூக்கும் வெண்பொடி அதுதான். மண்ணிலிருந்து ஏறுகிற இந்த ஈரம் ஒரு வகை. காற்றிலிருந்து இறங்குவது இன்னொன்று. மழை விட்ட பிறகும், பனி கொட்டும் மார்கழி, தை அதிகாலைகளிலும் குளிர்ந்திருக்கும் தரையின் மேல் கடற்கரை ஊரின் ஈரக்காற்று படிந்தால் தரை வியர்க்கும். ஷட்டர் போட்ட தனி வீட்டு கார் ஷெட்டுகளில் இது அதிகம். மூன்றாவது நம்முடைய சொந்தக் கசிவுகள். விரிசல் விட்ட சம்ப், உடைந்த கழிவுநீர்க் குழாய், மாடிக் குளியலறையிலிருந்து சொட்டும் இணைப்பு.

எது என்று கண்டுபிடிக்கப் பெரிய கருவி வேண்டாம். இரண்டடிக்கு இரண்டடி பாலித்தீன் ஷீட் ஒன்றைத் தரையில் விரித்து நான்கு பக்கமும் காற்றுப் புகாமல் டேப் ஒட்டி ஒரு பகலும் ஓர் இரவும் விட்டுவையுங்கள். ஷீட்டின் அடிப்பக்கத்தில் முத்துமுத்தாக நீர் கோத்திருந்தாலோ அடியில் கான்கிரீட் கறுத்திருந்தாலோ ஈரம் மண்ணிலிருந்து வருகிறது. மேலே நனைந்து அடியில் உலர்ந்திருந்தால் காற்றிலிருந்து வருகிறது. சம்ப்பைச் சோதிக்க, இரவில் நிரப்பி, வால்வுகளை மூடி, நீர்மட்டத்தைச் சாக்பீஸால் குறித்துவிட்டுக் காலையில் பாருங்கள். யாரும் குழாய் திறக்காமலே மட்டம் இறங்கியிருந்தால் அந்தத் தண்ணீர் உங்கள் தரைக்கு அடியில்தான் போயிருக்கிறது. போகிற வழியில்தான் வெளியில் இருப்பது உள்ளேயும் வரும் என்பதை மறந்துவிடாதீர்கள். சம்ப்பின் விரிசலும் கழிவுநீர்ச் சேம்பரின் விரிசலும் அருகருகே இருந்தால் நீங்கள் பல் தேய்க்கும் தண்ணீரில் என்ன கலக்கிறது என்று சொல்லத் தேவையில்லை.

சம்ப்பைப் பழுது பார்க்க ஆளை இறக்கும்போது ஒரு சொல். மூடிக் கிடந்த தொட்டியில் மூச்சுவிடக் காற்று இருக்காது. உள்ளே பூசும் வாட்டர்ப்ரூஃபிங் ரசாயனத்தின் ஆவியும் மயக்கும். எல்லா மூடிகளையும் நெடுநேரம் திறந்துவைத்து, மின்விசிறியால் காற்றடித்து, இடுப்பில் கயிறு கட்டி, மேலே ஓர் ஆள் கண்ணெடுக்காமல் நின்றால்தான் ஒருவரை இறங்கச் சொல்லலாம். மயங்கியவரைத் தூக்க இன்னொருவர் குதிப்பதும் அவரும் மடிவதும் நம் ஊரில் திரும்பத் திரும்ப நடக்கிறது. கழிவுநீர்த் தொட்டிக்குள் என்றால் எந்த மனிதரையும் இறங்கச் சொல்லாதீர்கள். கையால் மலம் அள்ளுவதைத் தடைசெய்யும் 2013-ஆம் ஆண்டுச் சட்டம், உரிய பாதுகாப்பு இல்லாமல் ஆளை இறக்குவதைக் குற்றம் என்கிறது. அப்படி இறங்கி இறந்தவர் குடும்பத்துக்கு 30 லட்சம் ரூபாய் தர வேண்டும் என்று 2023-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. தண்டனைக்குப் பயந்து அல்ல, செய்யக் கூடாத காரியம் என்பதால் செய்யாதீர்கள். அதேபோல, தண்ணீர் தேங்கிய அடித்தளத்துக்குள் டீசல் பம்பையோ ஜெனரேட்டரையோ வைத்து ஓட்டாதீர்கள். அதன் புகையில் வரும் கார்பன் மோனாக்சைடுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. பக்கத்தில் நிற்பவருக்கு மயக்கம் வந்த பிறகுதான் தெரியும்.

காரணம் தெரிந்துவிட்டால் பரிகாரம் தெளிவு. காற்றின் ஈரம் என்றால் அதிகாலையில் ஷட்டரைத் திறக்காமல் வெயில் ஏறிய பின் திறந்து, எதிரெதிர்ச் சுவரில் காற்றுப் போக வழி செய்தால் பெரும்பாலும் தீரும். மண்ணிலிருந்து ஏறுவது என்றால் முதலில் கட்டடத்தைச் சுற்றி மழைநீர் நிற்காமல் செய்ய வேண்டும். மொட்டை மாடிக் குழாய்கள் நேராகத் தரையில் கொட்டுகின்றனவா என்று பாருங்கள். தமிழ்நாட்டில் மழைநீர் சேகரிப்பு 2003-லேயே கட்டாயமாக்கப்பட்டது. ஆனால் பல வீடுகளில் அது பெயருக்குப் புதைத்த குழாயாக, மண் அடைத்துக் கிடக்கிறது. அதைத் தூர்வாருங்கள். மழைநீரை மண்ணுக்குள் இறக்கும் உறைகிணறு களிமண் அடுக்கோடு நின்றிருந்தால் நீர் இறங்காது, அதைத் தாண்டி மணல் வரும்வரை போக வேண்டும். அதை அஸ்திவாரத்தை ஒட்டித் தோண்டாமல் தள்ளி வையுங்கள்.

அதற்குப் பிறகும் ஈரம் ஏறினால் தரையை உடைத்துப் போடுவதுதான் முறையான வழி. மண்ணைக் கெட்டித்து, நான்கு அங்குல உயரத்துக்கு ஒன்றரை அங்குல ஜல்லி பரப்பி, அதன் மேல் 250 மைக்ரான் பாலித்தீன் ஷீட்டை அரையடி ஒன்றன் மேல் ஒன்று ஏறும்படி விரித்து, இணைப்புகளை டேப் ஒட்டி, அப்புறம் கான்கிரீட். வெளிப்பக்கமாகப் பத்தடிக்கு ஒன்றரை, இரண்டு அங்குலம் வாட்டம். ஷீட் விரிக்கும் அந்த ஒரு வேலையைத்தான் காண்ட்ராக்டர்கள் முதலில் வெட்டுகிறார்கள். அதன் மேல் கான்கிரீட் விழுந்துவிட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. அன்றைக்கு லீவு போட்டாவது பக்கத்தில் நில்லுங்கள். போட்ட பிறகு ஏழு நாளாவது தண்ணீர் கட்டிப் பதப்படுத்துங்கள். ஓர் அங்குலக் கான்கிரீட் உள்ளூரக் காய ஒரு மாதம் என்பது அனுபவக் கணக்கு. நான்கு அங்குலத் தரையின் மேல் பத்தே நாளில் எபாக்சி பூசினால் அடியில் அடைபட்ட நீராவி அதைக் கொப்புளம் கொப்புளமாகத் தூக்கிவிடும்.

இவ்வளவு வேலையை மழைக்கு முன் முடிக்க முடியாது என்பீர்கள். உண்மைதான். தரையை மாசியில் உடைத்துக்கொள்ளலாம். வாட்ச்மேனின் படுக்கையை இந்த வாரமே மாற்றலாம். இரண்டையும் சேர்த்துப் போட்டு இரண்டையும் தள்ளிவைக்காதீர்கள்.

பழைய வீடுகளில் இந்தத் தொல்லை ஏன் குறைவாக இருந்தது என்று நான் நினைத்துப் பார்ப்பதுண்டு. தெருவிலிருந்து படியேறித் திண்ணை, திண்ணையிலிருந்து இன்னொரு படியேறி வாசல். செங்கல்லோ கருங்கல்லோ வைத்துக் கட்டிய பேஸ்மட்டத்தின் மேல் வீடு உட்கார்ந்திருந்தது. சுண்ணாம்புச் சுவர் ஈரம் வாங்கினாலும் மறுபடி வெளியே விட்டுவிடும். கார் வந்த பிறகு எல்லாம் மாறிற்று. சக்கரம் இடிக்காமல் உள்ளே வர வேண்டும் என்பதற்காக வீட்டின் முதல் தரையைத் தெருமட்டத்துக்கே இறக்கினோம். காருக்காக இறக்கிய அந்தத் தரையில்தான் பிறகு மனிதரைக் குடிவைத்தோம். யாரும் திட்டமிட்டுச் செய்த கொடுமை இல்லை, தெரியும். படிக்கு அடியில் மிஞ்சிய இடத்தை வீணாக்க வேண்டாம் என்று நினைத்ததன் விளைவு. தெரிந்த பிறகும் அப்படியே விட்டால் அது கொடுமைதான்.

தெருவோ ஆண்டுக்கு ஆண்டு உயர்ந்தது. பழைய தாரைச் சுரண்டாமல் அதன் மேலேயே புதுத் தார் போட்டுப் போட்டு வீடுகள் பள்ளமாயின. பழைய சாலையைச் சுரண்டிய பிறகே புதிது போட வேண்டும் என்று 2021-இல் தலைமைச் செயலாளராக இருந்த இறையன்பு உத்தரவிட்டார். உங்கள் தெருவில் ரோடு போட வரும் நாளில் இறங்கிப் போய் மட்டத்தைக் கேளுங்கள். அது சண்டை இல்லை, குடிமகனின் கடமை.

ரோடு உயர்ந்ததற்கு நாம் செய்த பதில் என்ன? வசதியுள்ளவர்கள் கார் நிற்கும் இடத்தை மண்ணடித்து உயர்த்தினார்கள். இன்னும் வசதியுள்ளவர்கள் வடநாட்டுக் கம்பெனிகளை வரவழைத்து ஜாக்கி வைத்து வீட்டையே சில அடி தூக்கினார்கள். பாதுகாப்பாக வாழ நினைப்பது தவறில்லை. ஆனால் உங்கள் மனையில் நிற்க இடமில்லாத தண்ணீர் எங்கே போகும் என்று கேட்காமல் உயர்த்துவது தவறு. அது பக்கத்து வீட்டுக் கிழவியின் ஓட்டு வீட்டுக்குப் போகும். உங்கள் தரை உலர்ந்த அதே ஐப்பசியில் அவர் அடுப்படியில் தண்ணீர் நிற்கும். உயர்த்துவதாக இருந்தால் உங்கள் மனையில் விழும் மழையை உங்கள் மனைக்குள்ளேயே இறக்க உறைகிணறு வெட்டிவிட்டு உயர்த்துங்கள். மிச்சத்தை மழைநீர் வடிகாலில் சேர்க்க முறையாக வழி கேளுங்கள். சிமெண்டுச் சாய்தளத்தைத் தெருவோர வடிகாலின் மேல் இழுத்து அதன் வாயை அடைத்தவர்கள், யாரும் நோட்டீஸ் கொடுக்கும் முன்பே அதை உடைத்து எடுங்கள். ஒரு வீட்டின் சாய்தளம் அடைத்தால் தெரு முழுக்கத் தண்ணீர் எதிர்த்து நிற்கும். கழிவுநீர் லைனை மழைநீர் வடிகாலில் இணைத்திருப்பவர்களுக்கும் இதேதான்.

பள்ளிக்கரணை சதுப்பு நிலத்துக்கு 2022-இல் பன்னாட்டு முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலம் என்ற ராம்சர் தகுதி கிடைத்தபோது நாம் பெருமைப்பட்டோம். தென்சென்னையின் நீரெல்லாம் வந்து அடங்குகிற அந்த நிலத்தின் விளிம்பைத் தூர்த்து வீடு கட்டி, தரையில் ஈரம் வருகிறதே என்று குறைப்பட்டுக்கொள்கிறோம். 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலிலும் அந்த நீர் தன் இடத்தைத் தேடி வந்தது. இப்போது புயல் எச்சரிக்கை வந்தவுடன் வேளச்சேரி மேம்பாலத்தில் கார்கள் வரிசையாக ஏறி நிற்கின்றன. காரைக் காப்பாற்றுங்கள், உழைத்து வாங்கியது. மூழ்கிய காரை ஸ்டார்ட் செய்யாதீர்கள், சிலிண்டருக்குள் போன நீர் இன்ஜினை உடைத்துவிடும். எல்லாம் சரி. காரை மேம்பாலத்தில் ஏற்றிவிட்டு வருகிறவர், காருக்குப் பக்கத்தில் படுத்திருந்தவரை எங்கே ஏற்றினார்? அன்றைக்கு அவரையும் அவர் குடும்பத்தையும் உங்கள் ஹாலில் வந்து படுக்கச் சொல்லுங்கள். தயங்காதீர்கள்.

ஈரத்தை மறைக்கிறவர்களுக்கும் சொல்ல வேண்டியது இருக்கிறது. உப்புப் பூத்த தரையில் ஆசிட் ஊற்றிக் கழுவச் சொல்கிறார்கள். உப்பு அன்றைக்குப் போகும். ஆனால் அந்த ஆசிட்டில் இருக்கும் குளோரைடு கான்கிரீட்டுக்குள் இறங்கிக் கம்பியைத் துருப்பிடிக்கச் செய்யும். கழுவுகிற பெண்ணின் கை வெந்துபோகும். ஆசிட்டும் பிளீச்சிங் பவுடரும் ஒரே தரையில் கலந்தால் குளோரின் வாயு கிளம்பும், அது நேராக நுரையீரலைத் தாக்கும். ஆசிட் பாட்டிலை உங்கள் கட்டடத்துக்குள் வர விடாதீர்கள். உலர்ந்த நிலையில் கட்டைத் துடைப்பத்தால் தேய்த்து எடுத்தாலே உப்பு போய்விடும்.

இன்னொரு மறைப்பு, தூணைச் சுற்றி டைல்ஸ் ஒட்டுவது. கீழ்த்தளத் தூண்களின் காலடியைப் போய்ப் பாருங்கள். பூச்சு விரிந்து, காரை உதிர்ந்து, பழுப்பு நிறத்தில் கம்பி தெரிகிறதா? இரும்பு துருவானால் முன்பு இருந்ததைப் போலப் பல மடங்கு இடம் கேட்கும். அந்த நெருக்கலில் கான்கிரீட்டே வெடிக்கும். உப்புக்காற்று அடிக்கும் திருவான்மியூர், பெசன்ட் நகர்ப் பகுதிகளில் இது இன்னும் வேகம். நான்கு மாடியும் அதிலிருக்கும் அத்தனை உயிரும் அந்தத் தூண்களின் மேல் நிற்கின்றன. அதைக் கிரானைட் ஒட்டி அழகாக்குவது மேல்மாடியில் தூங்கும் குழந்தைகளுக்குச் செய்கிற துரோகம். கட்டமைப்புப் பொறியாளரை அழைத்துக் காட்டுங்கள். அவர் சொல்லும்வரை கொத்தனாரை வைத்துச் சிமெண்டு அப்பாதீர்கள். வீடு கைக்கு வந்து ஐந்து ஆண்டு ஆகவில்லை என்றால், 2016-ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் சட்டப்படி கட்டமைப்புக் குறையைத் தன் செலவில் சரிசெய்து கொடுக்க வேண்டியவர் கட்டிக் கொடுத்தவர். எழுத்தில் கேளுங்கள்.

விற்கப் போகிறவர்களுக்கு. தை பிறந்ததும் வெள்ளையடித்து, ஓதம் காய்ந்திருக்கும் பங்குனி சித்திரையில் ஆட்களை வரவழைத்து வீட்டைக் காட்டுகிற வழக்கம் இருக்கிறது. வாங்குகிறவர் வாழ்நாள் சேமிப்பைக் கொண்டுவந்து வைக்கிறார். முதல் மழையில் அவர் அறிந்துகொள்வதை நீங்கள் பத்திரம் எழுதும் முன்பே சொல்லியிருக்க வேண்டும். விற்பவருக்குத் தெரிந்து, வாங்குபவர் சாதாரணக் கவனத்தில் கண்டுபிடிக்க முடியாத முக்கியக் குறையை விற்பவர் சொல்லியே ஆக வேண்டும் என்று 1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றச் சட்டம் 55-ஆவது பிரிவில் சொல்கிறது. சட்டம் இல்லாவிட்டாலும் சொல்ல வேண்டியதுதான். வாடகைக்கு விடுபவருக்கும் இந்த நேர்மை பொருந்தும். "கீழே மழைக்காலத்தில் ஓதம் ஏறும், அட்வான்ஸில் குறைத்துக்கொள்கிறேன்" என்று சொல்கிற வீட்டுக்காரர் குறைந்துபோய்விட மாட்டார்.

அசோசியேஷன் கூட்டங்களில் எழும் பேச்சு எனக்குத் தெரியும். "நான் மூணாவது மாடி, எனக்கென்ன?" "என்கிட்ட கார் இல்லை, நான் ஏன் பார்க்கிங்குக்குக் காசு தரணும்?" தரையும் தூணும் அஸ்திவாரமும் மோட்டாரும் எல்லோருக்கும் பொதுவானவை. அடுக்குமாடி உரிமைச் சட்டமும் அவற்றைப் பொதுப் பகுதி என்றுதான் வைத்திருக்கிறது. மூன்றாவது மாடிக்குத் தனியாக அஸ்திவாரம் கிடையாது. லிஃப்ட் லாபிக்கு இத்தாலி மார்பிள் போட ஒரே கூட்டத்தில் முடிவெடுப்பவர்கள், வாட்ச்மேன் அறைக்குக் கட்டில் வாங்க அடுத்த கூட்டத்துக்குத் தள்ளுவதை இனி யாராவது எழுந்து நின்று தடுக்க வேண்டும். அந்த யாராவது நீங்களாக இருங்கள். மற்றவர் தராவிட்டால் உங்கள் காசில் வாங்குங்கள். பத்து வீடு சேர்ந்து ஆர்.சி.சி.பி.யும் கட்டிலும் ரப்பர் செருப்பும் வாங்கினால் ஒரு வீட்டுக்கு ஆகும் செலவு, ஒருமுறை குடும்பத்தோடு ஹோட்டலில் சாப்பிடுகிற தொகைகூட வராது.

மொட்டை மாடியில் ஓர் அறை காலியாக இருந்தால் அதைக் கொடுங்கள். பழைய நாற்காலிகளும் உடைந்த குளிர்சாதனப் பெட்டியும் அடைத்து வைத்திருக்கிறோமே, அந்த அசோசியேஷன் அறையைக் காலி செய்துகொடுங்கள். அதுவும் முடியாத கட்டடத்தில் தரையிலிருந்து இரண்டடி உயர இரும்புக் கட்டில், கொசுவலை, சுவரில் தள்ளிப் பொருத்திய மின்விசிறி, காற்றுப் போக ஜன்னல் இவற்றையாவது செய்யுங்கள். அரிசி மூட்டையும் பிள்ளைகளின் புத்தகமும் வைக்க ஒரு பலகைத் தட்டு அடியுங்கள். குளிப்பதற்கும் கழிப்பதற்கும் அவர்களுக்கு இடம் இருக்கிறதா என்றும் பாருங்கள். அதையும் இதுவரை யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

இன்று மாலை வேலையிலிருந்து வந்து வண்டியை நிறுத்தியதும் நேராக லிஃப்ட்டுக்குப் போகாதீர்கள். படிக்கு அடியில் இருக்கும் அறைக்குப் போய், "தாத்தா, உள்ளே வரலாமா?" என்று கேட்டு, செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே நில்லுங்கள். பாயைத் தொட்டுப் பாருங்கள். ஈரமாக இருந்தால் இன்றிரவே அவருக்கு வேறு இடம் கொடுங்கள். நாளைக் காலையில் எலக்ட்ரீஷியனை வரச் சொல்லுங்கள்.